டோங்காவில் மலை கேட்ட டீச்சரம்மா

கப்பல் வரும் நாட்களில் லோசாலின் காலையில் இரண்டு விஷயங்களுக்காக ஜெபம் செய்வாள். பஸ் நடுவழியில் நிற்கக் கூடாது. யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது. பஸ் சில நாள் நிற்காமல் ஓடியிருக்கிறது. கேள்வி மட்டும் ஒரு நாளும் தப்பியதில்லை.

"இது எந்த நாடு?"

ஏழு வருடமாக அவள் டோங்காவின் தலைநகரான நுகுஅலோஃபாவின் துறைமுகத்தில் சுற்றுலா பஸ் ஓட்டுகிறாள். ஓட்டுவதும் அவள்தான், மைக்கில் பேசுவதும் அவள்தான். முழங்கால் வரை கடலில் நின்றுகொண்டு, "இந்த இடம் கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம்?" என்று கேட்ட மனிதரை அவள் பார்த்திருக்கிறாள். கடலைக் கை நீட்டிக் காட்டி, "இந்தத் தண்ணி தீவுக்கு நாலு பக்கமும் இருக்கா, இந்தப் பக்கம் மட்டுந்தானா?" என்று கேட்ட தம்பதியைப் பார்த்திருக்கிறாள். ஒருவர் நாள் முழுக்கச் சிங்கம் தேடினார். கடைசியில் கடற்கரையில் நண்டு பொறுக்கிக்கொண்டிருந்த பன்றியைப் படம் எடுத்துக்கொண்டு திருப்தியாகக் கப்பல் ஏறினார். இன்னொரு அம்மாள் பன்னிரண்டு தபால் அட்டைகளில் 'ஹவாயிலிருந்து அன்புடன்' என்று எழுதினாள். அத்தனைக்கும் டோங்கா தபால்தலையை நாக்கில் தொட்டு ஒட்டிக் கொடுத்தது லோசாலின்.

திருத்தினாளா என்றால், இல்லை. டோங்காவில் விருந்தாளியை மறுத்துப் பேசுகிற வழக்கம் கிடையாது. சந்தை இந்தப் பக்கமா என்று ஒருவர் கை காட்டிக் கேட்டால், ஆமாம் என்றுதான் சொல்ல வேண்டும். அந்தப் பக்கம் சந்தை இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டுத்தானே அவர் கையை நீட்டுகிறார். அதை எப்படி உடைப்பது? நடந்து போய்ப் பார்த்து அவரே தெரிந்துகொள்ளட்டும்.

உள்ளூர்க்காரர்களின் பூகோளமும் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. லோசாலினுக்கு ரக்பி விளையாடும் நாடுகள் மட்டும்தான் தெரியும். வேல்ஸ் எங்கே என்றால் அங்குள்ள மைதானங்களின் பெயரை வரிசையாகச் சொல்வாள். பிரேசில் எங்கே என்றால் தொண்டையைக் கனைத்துக்கொள்வாள். டாக்சி ஓட்டும் அவளுடைய கொழுந்தன் செமிசி இன்னும் ஒரு படி மேல். இந்தியா என்பது ஃபிஜியில் ஒரு ஊர் என்பது அவன் கணக்கு. ஃபிஜியில் இறங்கி அவன் பார்த்த கடைக்காரர்கள் எல்லோரும் இந்தியர்கள். அப்புறம் வேறென்ன சாட்சி வேண்டும்?

அந்த வியாழக்கிழமை கப்பல் ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டது. சமோவாவில் காற்று பலமாக இருந்ததால் அங்கே நிற்காமல் நேராக டோங்காவுக்கு வந்துவிட்டதாகச் சொன்னார்கள். துறைமுக அதிகாரி ஹவேயா, டோங்கா வழக்கப்படி மரியாதைக்கு இடுப்பில் சுற்றிய பாயைச் சரிசெய்தபடி லோசாலினின் பஸ் கதவருகே வந்து நின்றார்.

"எத்தனை பேர்?"

"இருபத்து மூணு, ஐயா."

"போன மாசம் அந்தப் புதுப் பொண்ணு மாப்பிள்ளையைத் தொலைச்சியே, ஞாபகம் இருக்கா? கப்பல் நாப்பது நிமிஷம் நின்னுச்சு. எங்க மேலதிகாரி என்னைப் பார்த்த பார்வையில என் சட்டை பத்திக்கலையேன்னுதான் ஆச்சரியம்."

"அவங்க தொலையலை ஐயா. குகைக்குள்ள இருந்தாங்க. கூப்பிட எனக்குக் கூச்சமா இருந்துச்சு."

"உன் கூச்சத்தை நீயே வச்சுக்க. நாலரைக்குக் கப்பல் படிக்கட்டைத் தூக்கிடுவாங்க. இருபத்து மூணு தலை ஏறணும். ஒண்ணு குறைஞ்சாலும் உன் அனுமதி அட்டையைக் கழட்டி என் மேஜையில வச்சிட்டு நீ வீட்டுக்குப் போகலாம்."

அட்டை போனால் துறைமுகத்துக்குள் பஸ் வர முடியாது. துறைமுகத்துக்குள் வராத சுற்றுலா பஸ் கோழி அடையத்தான் உதவும். லோசாலின் தலைகளை இரண்டு முறை எண்ணிவிட்டு வண்டியை எடுத்தாள்.

"டோங்காவுக்கு உங்களை அன்போடு வரவேற்கிறோம்" என்று மைக்கில் ஆரம்பித்ததும், முன்வரிசையில் ஒரு கை உயர்ந்தது. அகலமான ஓலைத் தொப்பி. சட்டைப் பையில் சிவப்புப் பேனா. காதிலிருந்து பஞ்சுபோல் எதையோ எடுத்துக்கொண்டே அந்த அம்மாள் சொன்னாள்:

"திருத்திக்கணும் பொண்ணே. டோங்கா வெள்ளிக்கிழமை. இன்னிக்கு சமோவா."

அவள் பெயர் மிஸ் ஹாட்ச். ஆஸ்திரேலியாவில் அடிலெய்டில் நாற்பது வருடம் பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவள். மடியில் கப்பல்காரர்கள் கொடுத்த பயணத் தாள் இருந்தது. திங்கள் பாகோ பாகோ, புதன் சமோவா, வெள்ளி டோங்கா என்று அதில் அச்சடித்திருந்தது. நடுவில் செவ்வாய்க்கிழமையே இல்லை. பாகோ பாகோவை விட்டு சர்வதேசத் தேதிக் கோட்டைத் தாண்டும்போது ஒரு நாள் காணாமல் போகும் என்பதால் அதை விட்டிருந்தார்கள். மிஸ் ஹாட்ச் அதை அச்சுப் பிழை என்று முடிவுகட்டி, சிவப்பு மையில் 'செவ்வாய், கடல்' என்று எழுதிச் சேர்த்திருந்தாள். கப்பலில் ஒலிபெருக்கி அறிவிப்புகளில் இலக்கணம் சரியில்லை என்று முதல் நாளிலிருந்தே காதை அடைத்துக்கொண்டுவிட்டாள். அதனால் சமோவாவை விட்டுவிட்டு வந்த செய்தியும் அவளுக்குப் போய்ச் சேரவில்லை. ஆக, அவள் கணக்குப்படி இன்றைக்குப் புதன். புதன் என்றால் சமோவா.

பஸ்ஸில் இருந்த மற்ற இருபத்து இரண்டு பேரும் லோசாலினைப் பார்த்தார்கள். லோசாலின் அந்த அம்மாளைப் பார்த்தாள். விருந்தாளி. வயதானவள். அதற்கு மேல் டீச்சர்.

"ஆமாம் டீச்சர்" என்றாள். "மன்னிச்சிடுங்க."

பின்னால் இருந்தவர்கள் ஏதோ வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார்கள்.

பத்து மணிக்குச் சந்தையில் இறக்கிவிட்டு, பதினொன்றரைக்கு ஏற்றினாள். தலைகள் இருபத்து இரண்டு. திரும்ப எண்ணினாள். இருபத்து இரண்டேதான். வாசலில் தர்பூசணி அறுத்துக்கொண்டிருந்த பெண்ணிடம் ஓடினாள்.

"ஓலைத் தொப்பி போட்ட வெள்ளைக்கார அம்மாவா? உன் கொழுந்தன் டாக்சியில ஏறிப் போனாங்களே. ஏதோ மலை வேணும்னாங்க."

"மலையா?"

"நானும் மலை விக்கிறதில்லைன்னு சொல்லலாம்னு பார்த்தேன். பாவம், வயசானவங்க. செமிசியைக் காட்டிவிட்டேன்."

லோசாலின் செமிசியின் தொலைபேசிக்கு அடித்தாள். நாலாவது தடவையில் எடுத்தான். பின்னால் காற்று இரைந்தது.

"டேய், டீச்சர் உன்கூடவா இருக்காங்க?"

"ஆமா அண்ணி. மலைக்குக் கூட்டிட்டுப் போகச் சொன்னாங்க."

"எந்த மலைடா?"

"அதைத்தான் ஒரு மணி நேரமா தேடிக்கிட்டிருக்கோம்."

"நம்ம தீவு சப்பாத்தி மாதிரி கிடக்கு. இதுல மலை எங்கடா இருக்கு?"

"அது எனக்குத் தெரியும் அண்ணி. அவங்ககிட்ட எப்படிச் சொல்றது? அவ்வளவு ஆசையா கேக்குறாங்க. முதல்ல மேகம் மறைச்சிருக்குன்னு சொன்னேன்."

லோசாலின் அண்ணாந்து பார்த்தாள். வானம் துடைத்து வைத்த தட்டாக இருந்தது. ஒரு பஞ்சுத் துணுக்குக்கூட இல்லை.

"நம்பினாங்களா?"

"முகத்தைச் சுளிச்சாங்க. அப்புறம் லபாஹாவுல பழைய ராஜாக்களோட கல்லறை மேட்டைக் காட்டினேன். இதுதான் மலை, மழையில கரைஞ்சு போச்சுன்னேன். மூணு அடுக்குக் கல்லு, ஒரு தென்னங்கன்னு உயரம் இருக்குமா? நோட்டுல குறிச்சுக்கிட்டாங்க."

"ராஜாவோட கல்லறையை மலைன்னு சொன்னியா? உனக்கு நரகத்துல தனி ரூம் போட்டிருப்பாங்க. உடனே துறைமுகத்துக்குக் கூட்டிட்டு வா."

"அண்ணி, இங்க ஒரு ஊர்ல சபை விருந்து நடக்குது. கூப்பிடுறாங்க. ரோட்டை மறிச்சு நிக்கிறாங்க. எப்படி வேண்டாம்னு..."

அதோடு தொடர்பு அறுந்தது. திரும்ப அடித்தால் மணியே போகவில்லை.

லோசாலின் மிச்சப் பேரை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் ஓட்டமாகக் காட்டினாள். பாறை ஓட்டைகளில் கடல் பீறிட்டு அடிப்பதை நின்று பார்க்க ஐந்து நிமிடம்தான் கொடுத்தாள். தலைகீழாகத் தொங்கும் பழந்தின்னி வௌவால்களை ஓடுகிற பஸ்ஸிலிருந்தே பார்க்கச் சொன்னாள். இரண்டே முக்காலுக்குத் துறைமுக வாசலில் இறக்கிவிட்டு, ஹவேயா நிமிர்ந்து பார்ப்பதற்குள் வண்டியைத் திருப்பினாள். கண்ணாடியில் அவர் விரல் விட்டு எண்ணுவது தெரிந்தது.

லபாஹா பக்கம் போய் விசாரித்து, விருந்து நடந்த ஊருக்கு மூன்று இருபதுக்குப் போய்ச் சேர்ந்தாள். தேவாலய முற்றத்தில் பெரிய கூடாரம். அடியில் நீண்ட மேஜைகள். சுட்ட பன்றிக்குட்டிகளும், தேங்காய்ப்பாலில் வெந்த கிழங்கு இலைப் பொட்டலங்களும், கப்பக்கிழங்கும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. தலைமேஜையில் அந்த ஊரின் பிரபுவுக்கும் சபைப் போதகருக்கும் நடுவே, கழுத்தில் கனத்த பூமாலையோடு மிஸ் ஹாட்ச் உட்கார்ந்திருந்தாள். செமிசி கடைசி மேஜையில் ஒரு தொடை எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"கிளப்புடா அவங்களை" என்று அவன் காதில் சீறினாள்.

"முடியாது அண்ணி. பேச்சு ஆரம்பிச்சிடுச்சு."

அதற்கு மேல் அவன் சொல்ல வேண்டியதில்லை. விருந்தில் பேச்சு தொடங்கிவிட்டால், கடைசிப் பேச்சு முடியும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது. கடைசிப் பேச்சு விருந்தாளியுடையது. லோசாலின் ஓரத்துப் பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்து கைக்கடிகாரத்தை வெறித்தாள். ஒரு மூப்பர் பன்றி கொடுத்த குடும்பங்களுக்கு நன்றி சொன்னார். ஒவ்வொரு பன்றிக்கும் தனித்தனியாக. இன்னொருவர் அழுதார். மூன்று நாற்பதுக்கு மிஸ் ஹாட்ச் எழுந்தாள்.

"அன்பான சமோவா மக்களே" என்றாள்.

ஆங்கிலம் தெரிந்த ஏழெட்டுப் பேர் ஒரே நேரத்தில் மேஜைவிரிப்பைப் பார்த்தார்கள். மொழிபெயர்க்க நின்ற போதகர் ஒரு நொடிதான் தடுமாறினார்.

"அன்பான டோங்கா மக்களே, என்கிறார் அம்மா."

"மாலியே, மாலியே" என்று கூட்டம் முழங்கியது. நன்றாகச் சொன்னீர்கள் என்று பொருள். அதைக் கேட்ட எந்தப் பேச்சாளரும் இரண்டு வார்த்தையோடு உட்கார்ந்ததில்லை. மிஸ் ஹாட்சும் உட்காரவில்லை. நாற்பது வருடப் பழக்கம். சிவப்புப் பேனாவை எடுத்து, மேஜையில் விரித்திருந்த வெள்ளைக் காகிதத்தில், பன்றிக்குட்டியைத் தள்ளி வைத்துவிட்டு, பசிபிக் சமுத்திரத்தை வரைய ஆரம்பித்தாள்.

"நீங்க இருக்கிற இடம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும். இதோ, இது நீங்க."

"மாலியே" என்றது கூட்டம். பிரபு எட்டிப் பார்த்து, தன் நாடு ஒரு சாண் தள்ளி இருப்பதைக் கண்டு, பெருந்தன்மையாகத் தலையாட்டினார்.

"உங்களுது எரிமலைத் தீவு. கறுப்புப் பாறை. எங்க பார்த்தாலும் மலை." அவள் பேனா கீழே இறங்கியது. "இதோ இங்க டோங்கா. இந்தத் தீவு அப்படியில்லை. பவழத்துல உருவானது. மண்ணுக்கு அடியில வெள்ளைக் கல்லு. தட்டையா இருக்கும். ஒரு சின்னக் குன்றுகூட..."

அவள் நிறுத்தினாள். கூடாரத்துக்கு வெளியே பார்த்தாள். வெள்ளை வெளேரென்று நொறுங்கிய பவழம் பரப்பிய முற்றம். அதற்கப்பால் ரோடு. அதுவும் வெள்ளை. அதற்கப்பால் தென்னந்தோப்பு, மரவள்ளிக் காடு, எல்லாம் மேஜைமேல் விரித்த துணிபோலக் கடல்வரைக்கும்.

"ஒரு குன்றுகூட?" என்று போதகர் மெதுவாக எடுத்துக் கொடுத்தார்.

"கிடையாது" என்றாள் மிஸ் ஹாட்ச். குரல் சற்று இறங்கியிருந்தது.

மணி மூன்று ஐம்பது. வழியில் பன்றி குறுக்கே வராவிட்டால்கூடத் துறைமுகத்துக்கு முப்பத்தைந்து நிமிடம். லோசாலினுக்கு அனுமதி அட்டை கழுத்தில் நெருப்பாகச் சுட்டது. எழுந்து, அம்மா, இது சமோவா இல்லை, நேரமாச்சு என்று சொல்ல வேண்டும். பிரபுவுக்கு முன்னால். போதகருக்கு முன்னால். மாலை போட்ட ஒரு வயதானவளை ஊரே பார்க்க முட்டாளாக்க வேண்டும். அவள் எழுந்தாள். வாயைத் திறந்தபோது வேறொன்று வந்தது.

"டீச்சர், டோங்காவுக்குப் போற கப்பல் கிளம்பப் போகுது. நீங்க டோங்காவைப் பார்க்க வேண்டாமா?"

கூடாரத்தில் யாருக்கோ குடித்த தண்ணீர் புரையேறியது.

மிஸ் ஹாட்ச் அவளையே பார்த்தாள். பிறகு பேனாவை மூடினாள்.

"பார்க்கத்தான் வேணும்" என்றாள்.

செமிசி டாக்சியை அங்கேயே போட்டுவிட்டு பஸ்ஸில் தொற்றிக்கொண்டான். ஊரார் பஸ் ஜன்னல் வழியாக ஒரு பன்றிக்குட்டியை வாழையிலையில் சுற்றித் திணித்தார்கள். மிஸ் ஹாட்ச் அதை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தாள். லோசாலின் கூரை கிடுகிடுக்க ஓட்டினாள்.

"பொண்ணே, இந்த ரோடு ஏன் இவ்வளவு வெள்ளையா இருக்கு?"

லோசாலின் குறுக்கே வந்த பன்றிக்கு ஹாரன் அடித்தாள்.

"இன்னிக்கு என்ன கிழமை?"

"நீங்க சொல்லுங்க டீச்சர்."

"நான் உன்னைக் கேக்கறேன்."

லோசாலின் கியரை மாற்றினாள். பிறந்ததிலிருந்து எந்த விருந்தாளிக்கும் செய்யாததைச் செய்தாள்.

"வியாழன். இது டோங்கா. காலையிலிருந்தே டோங்காதான்."

சொல்லி முடித்ததும் கன்னம் கொதித்தது, யாரையோ அறைந்துவிட்டதைப்போல. செமிசி பின்வரிசையில் பாதி உடம்பை இருக்கைக்கு அடியில் இறக்கிக்கொண்டான்.

"எத்தனை பேருக்குத் தெரியும்?"

"எல்லாருக்கும் டீச்சர்."

"அந்தப் பிரபுவுக்கு?"

"அவருதான் முதல்ல 'மாலியே' சொன்னார்."

"ஒருத்தர்கூட ஏன் வாயைத் திறக்கலை?"

"நீங்க விருந்தாளி. உங்களுக்கு சமோவா வேணும்னு இருந்துச்சு. எங்களால முடிஞ்ச அளவுக்குக் கொடுத்தோம். மலை மட்டும் கையில இல்லை."

மிஸ் ஹாட்ச் தொப்பியைக் கழற்றி முகத்துக்கு விசிறிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியதை முதலில் லோசாலின் அழுகை என்று நினைத்துப் பயந்தாள். கண்ணாடியில் பார்த்தால் சிரிப்பு.

"நாப்பது வருஷம் என் வகுப்புல பிள்ளைங்க நான் சொன்னதுக்கெல்லாம் தலையாட்டினாங்க" என்றாள். "எல்லாம் புரிஞ்சுக்கிட்டாங்கன்னு நினைச்சேன். மழையில கரைஞ்ச மலையாம். ஏய், பின்னாடி இருக்கிறவனே, எரிமலைப் பாறை மழையில கரையுமா?"

"நீங்க சொன்னா கரையும் டீச்சரம்மா" என்றான் செமிசி, இருக்கைக்கு அடியிலிருந்து.

நாலு இருபத்தெட்டுக்குத் துறைமுகம். படிக்கட்டின் அடியில் ஹவேயா ஒரு கையில் பட்டியலோடு, மறுகையை வெறுமனே நீட்டியபடி நின்றார். அந்தக் கை அட்டைக்காக நீண்டது என்பது லோசாலினுக்குப் புரிந்தது. அவள் கழுத்திலிருந்து நாடாவைக் கழற்றத் தொடங்கினாள்.

"பொறு" என்று மிஸ் ஹாட்ச் அவள் கையைப் பிடித்தாள்.

ஹவேயா அந்த அம்மாளைக் குனிந்து வணங்கினார். "மன்னிக்கணும் அம்மா. இந்தப் பொண்ணு உங்களைத் தொலைச்சிட்டாளா? மத்தவங்க எல்லாரும் ஒண்ணே முக்கால் மணி நேரத்துக்கு முன்னாடியே வந்துட்டாங்க. அவங்ககூட நீங்க இல்லை."

"தொலைச்சாளா? பக்கத்தை விட்டு நகரலையே. மத்தவங்களுக்கு நடக்க சோம்பல். நான்தான் இவளைத் திரும்பக் கூட்டிட்டுப் போனேன். மலை ஏறினோம்."

ஹவேயாவின் வாய் திறந்தது. அவர் அந்தத் தீவில் பிறந்தவர். அந்தத் தீவில் ஐம்பத்து மூன்று வருடம் வாழ்ந்தவர். அதில் அவர் ஏறியதிலேயே உயரமானது துறைமுக அலுவலகத்தின் மாடிப்படி.

"மலை" என்றார்.

"ஆமாம். லபாஹா பக்கம். உங்களுக்குத் தெரியாம இருக்குமா?"

பின்னால் கப்பல் கொம்பு ஊதியது. படிக்கட்டுச் சிப்பந்திகள் கயிற்றில் கை வைத்துக் காத்திருந்தார்கள். ஹவேயா மிஸ் ஹாட்சைப் பார்த்தார். அவள் கழுத்து மாலையைப் பார்த்தார். கக்கத்தில் வாழையிலைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த பன்றிக்குட்டியின் மூக்கைப் பார்த்தார். லோசாலினைப் பார்க்காமல் இருக்க மிகவும் பாடுபட்டார்.

"தெரியும் அம்மா" என்றார் கடைசியில். "நல்ல மலை. ஏறினா கால் வலிக்கும்."

"ரொம்ப வலிக்குது" என்று சொல்லிவிட்டு மிஸ் ஹாட்ச் படியேறினாள்.

ஹவேயா நீட்டிய கையை மடக்கி, பட்டியலில் இருபத்து மூன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு தாளை லோசாலினிடம் கொடுத்துவிட்டு, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டார்:

"அடுத்த கப்பல்காரங்களும் அந்த மலையைக் கேட்டா என்னடி செய்வே?"